பாட்டன் சொத்து இல்லாத சனமும் பத்து வட்டியும்

உழைச்சா உயரலாம் என்கிறார்கள். சேரியில் உழைக்காதவன் யாரு தோழர்களே? விடியறதுக்கு முன்னாடி கரும்பு வெட்டப் போன சனம் பொழுது சாய்ஞ்சுதான் வூடு திரும்புது. உழைப்புதான் பணமாகும் என்றால் ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றியுள்ள அத்தனை காலனியிலும் இந்நேரம் மாடி வீடு எழும்பியிருக்க வேண்டும். சிக்கனமா இருந்தா சேரும் என்கிறார்கள். ராத்திரி வடிச்ச சோத்துல தண்ணி ஊத்தி மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஓட்டுற சனத்துக்குச் சிக்கனப் பாடம் எடுக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

ஆனாலும் கேள்வி கேள்விதான். சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிற நம்ம பிள்ளைகள் என்னைப் பார்த்தால் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள்: “அண்ணே, குடும்பச் சொத்து ஒண்ணும் இல்லாதவன் எப்படிண்ணே நாலு காசு சேர்க்கறது?” இயக்கத்தில் சில தோழர்களுக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. குட்டி முதலாளிய ஆசை என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கூலி உயர்வு கேட்டோம், நிலம் கேட்டோம், இட ஒதுக்கீடு கேட்டோம். சரி. அந்தக் கூலி கைக்கு வந்தபிறகு எங்கே போகிறது என்று நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. சட்டம் எழுதிய அம்பேத்கரைச் சிலையாக்கி வைத்திருக்கிறோம்; 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிப் புத்தகம் போட்ட பொருளாதார அறிஞர் அம்பேத்கரை யாரும் தொடுவதில்லை. காசைப் பற்றிப் பேசுவது ஆண்டைகளின் உரிமை என்று நாமே விட்டுக்கொடுத்துவிட்டோமா?

என் கட்சி இதுதான்: சேரியில் பணம் சேர்வதில்லை என்பது பொய். சேர்கிறது. தங்குவதில்லை. தங்கவிடாமல் செய்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததால்தான் பணக்காரர் ஆவது எப்படி என்கிற புத்தகங்கள் நமக்கு உதவாமல் போகின்றன.

சேர்வதற்குச் சாட்சி வேண்டுமென்றால் எங்கம்மாவையே சொல்லலாம். கையில் முதல் இல்லாதவளுக்கு முதலாக வந்தது வாரத்து ஆடு. ஊருத்தெருக்காரர் ஒருவரின் பெட்டை ஆட்டை வாங்கி வந்து மேய்ப்பது, போடுகிற குட்டியில் பாதி அவருக்கு, பாதி நமக்கு. தாய் ஆடு கடைசிவரைக்கும் அவருடையது. மழையில் நனைந்து, வயல் வரப்பில் கண்டவனிடம் திட்டு வாங்கி, சீக்கு வந்தால் மருந்து அரைத்து ஊத்தி வளர்ப்பது நாம். இந்தக் கணக்கில் ஐந்தாறு வருஷம் ஓட்டி ஏழெட்டு உருப்படி சொந்தமாக்கினாள். ஆட்டை விற்று ஒரு கிடேரி. கிடேரி கறவையானது. பால் காசில் அரைப் பவுன் கம்மல். எங்கண்ணன் வாத்தியார் பயிற்சிக்குப் போனபோது அந்தக் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ஆடு, மாடு, கம்மல், படிப்பு: இந்த ஏணியில்தான் நம்ம சனத்தில் ஏறினவங்க ஏறியிருக்காங்க. எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை. ஆனால் சேமிப்பு, முதலீடு, பிணையம், மனிதவளம் என்று அவர்கள் சொல்கிற எல்லாமே அதற்குள் இருக்கிறது.

ஏணியில் ஒரு படி முறிந்தால் கீழேதான் விழ வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு ஒன்று, சாவு ஒன்று, பொண்ணுக்குக் கல்யாணம் ஒன்று. அப்போது கூப்பிடாமலே வந்து நிற்பவர் மேஸ்திரி. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் பிடிக்கிற மேஸ்திரி சீசனுக்கு முன்பே முன்பணம் கொடுக்கிறார். டன்னுக்கு இவ்வளவு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். வாரா வாரம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தருவார்கள். சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் முன்பணம் கழிந்திருக்காது. மிச்சக் கடன் அடுத்த வருஷத்துக் கணக்கில் ஏறும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்துவிட்டது. ஆனால் முன்பணம் என்கிற பெயரில் அது புருஷன் பெண்டாட்டி பிள்ளையோடு லாரி ஏறுவதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும், எந்த மாதத்தில் எந்தத் தெருப் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்று.

வட்டிக் கணக்கை மாணவத் தோழர்கள் ஒருமுறை பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார். தினம் 100 ரூபாய், 100 நாள். ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி என்று தோன்றும். அசலையும் தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம் அல்லவா? அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு வருகிறது. பத்து வட்டி என்பதும் அதேதான்: நூற்றுக்கு மாதம் பத்து, வருஷத்துக்கு நூற்றிருபது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இல் வந்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, தண்டல்காரர் டூ வீலரில் வருகிறார்.

புத்தகக்காரர்கள் கூட்டு வட்டியை உலக அதிசயம் என்று கொண்டாடுகிறார்கள். உண்மைதான், அதிசயம்தான். வங்கியில் 7 விழுக்காட்டுக்குப் போட்ட பணம் இரண்டு மடங்காகப் பத்து வருஷம் ஆகும். ஐந்து வட்டிக்கு வாங்கிய கடன், கட்டாமல் விட்டால், பதினைந்து மாதத்தில் இரண்டு மடங்கு. அதே அதிசயம்தான், அவனுக்கு வரவு, நமக்குச் செலவு. இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. ஐந்து வட்டிக் கடன் வைத்துக்கொண்டு சீட்டுக் கட்டுவது, நகை வாங்குவது, மாதாமாதம் பங்குச் சந்தையில் போடுவது எல்லாம் ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. அந்தக் கடனை அடைப்பது வருஷத்துக்கு 60 விழுக்காடு தருகிற முதலீடு. எந்தப் பங்குச் சந்தையும் அப்படித் தராது. முதல் சம்பளம் வாங்குகிற பிள்ளைகளிடம் நான் சொல்கிற முதல் வார்த்தை இதுதான்: முதலில் அம்மாவின் தண்டல் நோட்டை வாங்கிப் பாரு.

வட்டிக்காரனிடம் போகாமல் வங்கிக்குப் போகலாமே என்பீர்கள். போனோம். எங்க குடும்பத்துக்குப் பட்டா உள்ள மனை ஒன்று இருக்கிறது, ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்தது. கறவை மாட்டுக் கடனுக்கு அதைப் பிணையம் தருகிறோம் என்று ஒரு வங்கிக்குப் போனபோது (பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான்) அதிகாரி காகிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. “காலனி மனையா? ஏலத்துக்கு வந்தா யாருங்க எடுப்பா?” என்றார். கோபத்தோடு திரும்பினேன். ஆனால் அந்த ஆள் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. நடுத்தர வர்க்கம் பணக்காரர் ஆவது பெரும்பாலும் எப்படி? மனை வாங்கிப் போடுகிறார்கள், பத்து வருஷத்தில் விலை ஏறுகிறது. தூங்கும்போது சொத்து வளர்கிறது. காலனி மனை தூங்கிக்கொண்டேதான் இருக்கும். அதே ரோடு, அதே மின்சாரம், அதே நிலத்தடித் தண்ணி. ஆனால் ஊருத்தெருவில் சென்ட் ஒரு விலை, ஓடை தாண்டினால் வேறு விலை. காலனியில் வீடு வாங்க ஊருத்தெருக்காரர் எவரும் வரமாட்டார். ஊருத்தெருவில் வீடு வாங்க நம்மை விடமாட்டார்கள். நம்மிடம் நாமே விற்று நாமே வாங்க வேண்டியதுதான். தீண்டாமை என்பது டீக்கடை கிளாஸ் மட்டும் கிடையாது. சென்ட்டுக்கு என்ன விலை என்று முடிவு செய்வதும் அதுதான்.

எங்க பக்கத்துக் காட்டுமன்னார்கோவில்காரர் எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைத்த குழு நாடு முழுக்கச் சுற்றி 1969இல் அறிக்கை கொடுத்தது. தீண்டாமையையும் பொருளாதாரத்தையும் கல்வியையும் ஒன்றாக ஆராய வேண்டும் என்பதுதான் அந்தக் குழுவுக்கு இட்ட வேலையே. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நம்மில் பலர் அதைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறோம்.

அரசு கொடுப்பதும் இருப்பவனுக்குத்தான் முதலில் போய்ச் சேர்கிறது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் விவசாயிகளுக்குப் பலன் என்றார்கள். நல்ல காரியம், எதிர்க்கவில்லை. ஆனால் பயிர்க்கடன் வாங்கச் சிட்டா அடங்கல் வேண்டும். நாத்து நட்டவளுக்கும் கரும்பு வெட்டினவனுக்கும் சிட்டா ஏது? அதே வருஷம் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு. எங்கம்மா மாதிரி அரைப் பவுன் கம்மலை மார்வாடி கடையில் வைத்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. கடன் வாங்கும் தகுதி உள்ளவனுக்குத்தான் கடன் தள்ளுபடி. இந்த இடத்தில் மகளிர் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பிறகு அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது குழு. நம்ம பெண்களை முதல்முறையாக வங்கிக்குள் நாற்காலியில் உட்கார வைத்தது அதுதான், மறுக்க முடியாது. அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு தனியார் நுண்கடன் கம்பெனிகள் வந்து 20 விழுக்காட்டுக்கு மேல் வட்டி போட்டு, ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்களை அவள் வீட்டு வாசலில் உட்கார வைத்தன. ஒற்றுமையைப் பிணையமாக்கி ஒற்றுமையை உடைத்தார்கள். வசூல் அட்டகாசத்தைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

இவ்வளவையும் தாண்டி ஒரு சேரி தலை நிமிர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நடப்பதை 1995 ஆகஸ்ட் 31 நமக்குக் காட்டியது. தூத்துக்குடிப் பக்கம் கொடியங்குளம். வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் மச்சு வீடு, தொலைக்காட்சி, தையல் எந்திரம் என்று நிமிர்ந்திருந்த தலித் கிராமம். குற்றவாளிகளைத் தேடுகிறோம் என்று சொல்லி நுழைந்த நூற்றுக்கணக்கான போலீசார் உடைத்தது எதை? மனிதர்களை அடித்தார்கள், அதோடு நிற்கவில்லை. மின்விசிறி, தையல் எந்திரம், தானியம், பாஸ்போர்ட், பிள்ளைகளின் சான்றிதழ், குடிக்கிற கிணறு. பாஸ்போர்ட்டைக் கிழிப்பவன் திருடனைத் தேடவில்லை, வருமானத்தைத் தேடி வந்திருக்கிறான். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் என மூன்று காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. காரணம் என்று ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சொன்னார்கள். திருமணத்துக்குக் கோபப்பட்டவன் பீரோவை ஏன் உடைக்கிறான்? வெளியூர் போய் உழைத்துச் சேர்த்த நகை போயிற்று, வண்டி எரிந்தது, பத்திரம் எரிந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் கிரீன்வுட் என்கிற பகுதியைக் கறுப்பர்கள் தங்கள் சொந்தக் கடை, சொந்த ஓட்டல், சொந்தப் பத்திரிகை என்று கட்டி எழுப்பியிருந்தார்கள். கறுப்பர்களின் வால் ஸ்ட்ரீட் என்று அதற்குப் பெயர். 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாளில் வெள்ளை வெறிக் கும்பல் அதைச் சாம்பலாக்கியது. அதற்கு முன்னாலும் ஒரு அடி. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்கென்று 1865இல் தொடங்கிய சேமிப்பு வங்கி 1874இல் மூழ்கியது. சிறுகச் சிறுகப் போட்ட காசு திரும்பவில்லை. பிறகு கறுப்பன் சேமிக்கத் தெரியாதவன் என்று பேச்சு. நம்மையும் அப்படித்தானே சொல்கிறார்கள், வர்றதக் குடிச்சே அழிப்பானுங்க என்று. (குடியைப் பற்றி நான் மழுப்பவில்லை. அரசே கடை வைத்து விற்கிற நாட்டில் அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

அப்படியானால் கைவிட்டுவிடுவதா? இல்லை. குடும்பச் சொத்து இல்லாத நமக்கு வேறொரு பாட்டன் சொத்து இருக்கிறது. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கோயில் வாசலில் நந்தனை நிறுத்திய ஊரில் அவர் பெயரிலேயே பள்ளிக்கூடம். எங்க வட்டாரத்தில் முதல் தலைமுறை வாத்தியார், கிளார்க், போலீஸ்காரர் என்று விசாரித்தால் பல பேர் அந்தப் பள்ளியைக் கைகாட்டுகிறார்கள். அந்தப் பள்ளி, அரசு விடுதி, உதவித்தொகை, இட ஒதுக்கீடு இவைதான் நம் பாட்டன் சொத்து. கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்புப்படி நாம் ஏறத்தாழ 29 விழுக்காடு. இத்தனை பேருக்கும் அந்த ஒரு சொத்துதான். கொளுத்தினால் எரியாத சொத்தும் அதுதான். சான்றிதழ் எரிந்தால் நகல் வாங்கலாம். அதையும் இப்போது அரிக்கிறார்கள். நிரந்தர வேலை இருந்த இடமெல்லாம் ஒப்பந்த வேலையாகிறது, அதற்கு நெய்வேலியைப் பார்த்தால் போதும். 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றாக்கினார்கள்.

வேலை கிடைத்தவன் நிலையையும் பேச வேண்டும். ஊருத்தெரு வாத்தியார் சம்பளம் வாங்கினால் மனை வாங்குவார். எங்கண்ணன் முதல் சம்பளம் வாங்கினபோது ஏழு குடும்பம் வாசலில் நின்றது. சித்தப்பாவுக்கு ஆபரேஷன், அத்தை பிள்ளைக்குப் பீஸ், அடகில் கிடந்த கம்மல். தென்னாப்பிரிக்காவில் சம்பாதிக்க வந்த கறுப்பின இளைஞர்கள் இதைக் கறுப்பு வரி என்றே சொல்கிறார்கள். சொந்தக்காரனைத் துரத்திவிடு என்று புத்தகம் சொல்லும். நான் அதைச் சொல்லமாட்டேன். அந்த ஏழு குடும்பமும் சேர்ந்துதான் அவரைப் படிக்க வைத்தது. ஆனால் ஆளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்தால் ஒருவருக்கும் உருப்படியாக உதவாமல் கரைந்துபோகும். அதற்குப் பதில் ஒவ்வொரு தெருவிலும் சம்பளக்காரர்கள் மாதம் ஒரு தொகை போட்டு, பதிவு செய்த சங்கமாக வைத்து, முதல் மூன்று வருஷத்துக்குத் தண்டல் கடனையும் மேஸ்திரி முன்பணத்தையும் மட்டும் அடைத்துவிட்டுக் குறைந்த வட்டியில் திரும்ப வாங்கினால் என்ன? கல்யாணத்துக்குக் கிடையாது, காதுகுத்துக்குக் கிடையாது. கணக்கு நோட்டு பெண்கள் கையில். இதில் வீரவசனம் ஒன்றும் இல்லை, ஆர்ப்பாட்டத்துக்கு வருகிற கூட்டம் இதற்கு வராது என்றும் தெரியும். ஆனால் மேஸ்திரி கடன் இல்லாதவன்தான் கூலி கேட்டு நிமிர்ந்து நிற்க முடியும். முன்பணம் வாங்கினவன் வாயைத் திறக்க முடியாது.

கடைசியாக நிலம். எங்க ஊர் பூவராகர் கடலுக்கடியில் கிடந்த பூமியையே மீட்டுக் கொண்டுவந்தவராம். திருமுட்டத்துச் சேரிக்குப் பறிபோன நிலத்தை மட்டும் எந்த அவதாரமும் மீட்டுத் தரவில்லை. செங்கல்பட்டு கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையால் நமக்கு வந்தது பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் நம்ம சனத்துக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. குடும்பச் சொத்து இல்லாத சனம் என்று நம்மைச் சொல்கிறோமே, பறிக்கப்பட்டதால் இல்லாமல் போனது அது. 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியவர்களுக்குத் துப்பாக்கிச் சூடுதான் பதில். இரண்டு பேர் உயிர் போயிற்று. இன்று தாட்கோவில் நன்னிலம் என்று ஒரு திட்டம், 2023இல் வந்தது. நிலமில்லாத நம்ம பெண்கள் நிலம் வாங்கப் பாதி விலை அல்லது ஐந்து லட்சம் வரை மானியம். நல்ல திட்டம், பயன்படுத்த வேண்டும். ஆனால் விற்பவர் பிற சாதியாராக இருக்க வேண்டும் என்பது விதி. நமக்கு விற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று அவர் பயப்படுகிறார். மானியம் கோப்பில் தூங்குகிறது.

விலைக்கு விற்கமாட்டார்கள் என்றால், ஏற்கெனவே நம்முடையது எங்கே இருக்கிறது என்று தேடுவோம். 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பட்டாப் பெயர்கள் எத்தனையோ இடத்தில் கைமாறின. அதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டையும் பிந்தைய ‘அ’ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சர்வே எண் வாரியாகப் படிக்க வேண்டும். பழைய பதிவேட்டில் டி.சி. நிபந்தனை நிலம் என்று குறிப்பிருந்து, புதியதில் அது காணாமல் போயிருந்தால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் போதும். இல்லை என்று பதில் வந்தால் மேல்முறையீடு. எந்த வருவாய்க் கிராமத்துக்கு யார் போடுவது என்று சிதம்பரம் மாணவத் தோழர்கள் பிரித்துக்கொள்ளுங்கள். திருமுட்டம் பக்கத்துக் கிராமங்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.